ஆட்டுக்கு ஊசி இருக்கு... மானுக்கு? காட்டு நோய் ஆய்வுக்குப் பணம் எங்கே?

சேலம் பக்கம் மேச்சேரி ஆடு வளர்ப்பவர்களிடம் 'ஆட்டுக்கொல்லி' என்று சொன்னாலே முகம் மாறும். பி.பி.ஆர் எனப்படும் இந்த வைரஸ் பட்டியோடு நிற்பதில்லை. 2016-17-ல் மங்கோலியாவில் கால்நடைகளிடமிருந்து பரவி, அரிய சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. நம்மூர் காட்டோரக் குட்டைகளிலும் ஆடும் மானும் குடிப்பது ஒரே தண்ணீர்தானே!

சரி, சிக்கல் எங்கே?

கோமாரி, கன்று வீச்சு நோய்களை ஒழிக்க 2019-ல் மத்திய அரசு ரூ.13,343 கோடி திட்டம் தொடங்கியது. அந்தத் தடுப்பூசிகள் வீட்டுக் கால்நடைகளுக்கு மட்டும். ஆடு கால்நடைத் துறை கணக்கு, மான் வனத்துறை கணக்கு. வைரஸ் துறை பார்த்தா வருது?

மானைப் பிடித்து ரத்தம் எடுப்பதும் லேசு இல்லை. வனவிலங்கு சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், பிடிக்கும் அதிர்ச்சியிலேயே மான் செத்துப்போகலாம். ஆக, இறந்து கிடக்கும் மான்தான் முக்கிய சாட்சி. சேலம் வெயிலில் அது அழுகுவதற்குள் மாதிரி எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகம் சேர்க்கணும். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. ஆனால் வண்டி, ஆள், பரிசோதனை எல்லாமே செலவுதான். நோய் வந்த பிறகு ஒதுக்கும் பணம் இதற்கு உதவாது.

அமெரிக்காவில் 1967-ல் தெரியவந்த மான் மெலிவு நோய்க்கு 2022-ல்தான் தனிச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் வரை, அதில் பாதி ஆய்வுக்கு. அதற்குள் அங்கே நோய் பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது.