கடலாமை இரவுக் காவலுக்கு அனுமதியும் தன்னார்வலருக்குப் பாதுகாப்பும் கோரும் மனு

நாள்: 10.01.2022
இடம்: சென்னை

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
கடலாமைப் பாதுகாப்புத் தன்னார்வலர் சங்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

நகல்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, காவல் ஆணையர், சென்னை.

பொருள்: பெருந்தொற்றுக் காலத்தில் கடலாமை முட்டைகளைக் காக்கும் இரவு நடை – தன்னார்வலர், பார்வையாளர் பாதுகாப்பு – கோரிக்கை – தொடர்பாக.

ஐயா,

கடந்த 6-ஆம் தேதி முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஊரடங்கு நடைமுறையில் உள்ளது. கொரோனாவின் ஓமைக்ரான் திரிபு பரவும் வேகத்தைப் பார்க்கையில் அரசின் இந்த முடிவை எங்கள் சங்கம் முழுமனதாக ஏற்கிறது. ஆனால் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் இதே இரவு நேரத்தில்தான். பருவமும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தாக வேண்டும். தாமதித்து எடுத்தால், அசைவே கருவைக் கொன்றுவிடும். விடிந்தபின் போகலாம் என்றால் அதற்குள் தெருநாய்கள் தோண்டியிருக்கும்.

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோதும், 2021 ஏப்ரலில் இரவு ஊரடங்கு வந்தபோதும் இதே சிக்கல்தான். மூன்றாவது பருவத்திலாவது தெளிவான ஆணை ஒன்று வேண்டும்.

திறந்தவெளியில் தொற்று எளிதில் பரவாது என்ற நம்பிக்கையில் நாங்கள் இதைக் கேட்கவில்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்காற்றில் இடைவெளி விட்டு நடப்பதில் ஆபத்து குறைவு. ஆபத்து, கூட்டைக் கண்டுபிடித்த பிறகு வருகிறது. ஒருவர் மணலில் படுத்து, தோள்வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார். இன்னொருவர் துணிப்பையை விரித்துப் பிடித்து வாய்விட்டு எண்ணுவார். இருவர் முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. சாதாரண ஆண்டுகளில் இவர்களைச் சுற்றிப் பார்வையாளர்கள் தோளோடு தோள் உரசிக் குனிந்து பார்ப்பார்கள். நடைக்கு முன் மூடிய அறையில் நடக்கும் விளக்கவுரையும், ஒரே வேனில் அடைத்துக்கொண்டு வருவதும் அதைவிட மோசம்.

ஆகவே ஊரடங்கு நீங்கும் வரை பார்வையாளர் எவரையும் அழைத்து வருவதில்லை என்று சங்கமே முடிவெடுத்துள்ளது. இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்கள் மட்டும், ஒரு குழுவுக்கு நான்கு பேர் வீதம், முகக்கவசத்துடன் நடப்பார்கள். குழுக்கள் இடம் மாறிக் கலக்காது. 15 முதல் 18 வயதினருக்கு இம்மாதம் 3-ஆம் தேதிதான் தடுப்பூசி தொடங்கியது என்பதால் பள்ளி மாணவர்களை நிறுத்தி வைத்துள்ளோம். அவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனாலும் வேறு வழியில்லை.

இக்குழுக்களுக்கு வனத்துறை முத்திரையுடன் அடையாள அட்டையும், முழு ஊரடங்கு நாளான ஞாயிற்றுக்கிழமைக்கும் செல்லும் இரவு நேர அனுமதிச் சீட்டும் வழங்கி, கரையோரக் காவல் நிலையங்களுக்கு அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் காக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நின்று விளக்கம் சொல்லும் நிலை கூடாது.

பொரிப்பகத்தின் அருகே தண்ணீர்க் குழாயும் சோப்பும் வேண்டும். சானிடைசர் தடவிய கையோடு முட்டையைத் தொட நாங்கள் விரும்பவில்லை. எங்களில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்தக் குழு முழுவதும் தனிமைப்படும். அந்நாட்களில் பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்ள வேட்டைத் தடுப்புக் காவலர்களை மாற்றாக அனுப்ப வேண்டும். தன்னார்வலருக்கும், உடன் வரும் குப்பத்து மீனவ இளைஞர்களுக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாமதமின்றிப் பரிசோதனை கிடைக்க மாநகராட்சி உதவ வேண்டும். சம்பளமின்றி இரவெல்லாம் நடக்கும் இவர்கள் நோயுற்றால் மருத்துவச் செலவை ஏற்க ஒரு ஏற்பாடும் தேவை.

கட்டுப்பாடு தளர்ந்தபின் மக்கள் மீண்டும் வருவார்கள். வர வேண்டும் என்றே விரும்புகிறோம். முட்டைகள் பொரிய ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும் என்பதால், குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகள் மார்ச்சில் தொடங்கும். அப்போது முன்பதிவு செய்த சிறு குழுக்களை மட்டும் அனுமதித்து, கயிறு கட்டி, விளக்கவுரையை மணலிலேயே வைத்துக்கொள்ளும்படி இப்போதே விதி வகுத்துத் தர வேண்டுகிறோம்.

பருவம் தொடங்கிவிட்டது. இரவு நடைக்கான அனுமதி ஆணையையாவது இவ்வாரத்துக்குள் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்