அளவெடுக்க வாங்க, மாஸ்டர்!

ரெடிமேடாக ஒரு சட்டையோ குர்த்தியோ வாங்கினால், அடுத்து நீங்கள் எங்கே போவீர்கள்? அன்னூர்ப் பெண்களைக் கேளுங்கள். நேரே தையல் கடைக்குத்தான். ‘அக்கா, சைடுல கொஞ்சம் புடிச்சுக் குடுங்க. தோள் எறங்குது, கை இறுக்குது’ என்று புதுத் துணியை நீட்டுவார்கள். கடைக்கு ஒரு காசு, ஆல்டர் பண்ண ஒரு காசு. சட்டை சரி, நம்ம உடம்புதான் தப்பு என்று நினைப்பு!

என் சண்டை பெரிய டிசைனர்களோடு. ஒரே ஒரு ஆளுக்கு அளவெடுத்து, துணியை அவர் மேலேயே போட்டு ஊசி குத்திப் பார்த்து, பிரித்து, மறுபடி தைத்துப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். கம்பெனிகளுக்கு ரெடிமேட் வரைந்து தரவும் வந்தார்கள். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பணக்காரி மட்டும்தான் நல்லா உடுத்தணுமா என்ன? ஆனால் வரும்போது எதைக் கொண்டுவருகிறார்கள், எதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்?

2004 நவம்பர். ஷனேலுக்கு டிசைன் செய்த கார்ல் லாகர்ஃபெல்ட், ஸ்வீடனின் எச் அண்ட் எம் கம்பெனிக்கு உடுப்புகள் வரைந்து தந்தார். கடை திறந்ததும் அள்ளிக்கொண்டு போனார்கள். மனுஷனுக்கு அப்புறம் கோபம். எதுக்கு? ஒல்லியானவர்களுக்கு வரைந்ததைப் பெரிய சைஸிலும் தைத்துவிட்டார்களாம்! அளவெடுப்பதே தொழிலாக இருந்தவர் பேசுகிற பேச்சா இது?

2021 ஆகஸ்டில் அதே கம்பெனிக்கு நம்ம சப்யசாச்சி. 9,999 ரூபாய்க்குப் புடவைகூட இருந்தது. ஆன்லைனில் சில நிமிஷங்களில் காலி. கைவினைஞர் கை படாத அச்சு என்று கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதின. நியாயமான கோபம். ஆனால் நான் கவனித்தவரை பேச்செல்லாம் பிரின்ட் பற்றித்தான். தோள், கை, மார்பு அளவு பற்றி மூச்சு இல்லை.

கம்பெனியில் நடப்பது இதுதான். ஒரு சைஸுக்கு சாம்பிள் தைத்து சரி பார்ப்பார்கள். மற்ற சைஸெல்லாம் கணக்கு. மார்பு இத்தனை கூடினால் தோள் இத்தனை கூடும், கை இத்தனை நீளும் என்று ஏற்றிக்கொண்டே போவது. ‘கிரேடிங்’ என்பார்கள். நம்ம ஊர்ப் பெண்ணுக்கு ரெண்டு பிள்ளை பெற்றபின் இடுப்பு ஏறும், தோள் ஏறுமா? அதனால்தான் எக்ஸெல் போட்டால் தோள் தொங்குகிறது, எல் போட்டால் பட்டன் பிதுங்குகிறது. இந்தியாவுக்கென்று சொந்த அளவுப் பட்டியலே ரொம்ப நாள் கிடையாது. 2018-ல்தான் நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை அறிவித்தது.

வேடிக்கையைப் பாருங்கள். அன்னூர், அவிநாசி பக்கத்துக் கிராமங்களில் காலையில் கம்பெனி வேன் ஏறி திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர்! ஐரோப்பாக்காரி சட்டையில் தோள் தையல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் செக்கிங்கில் பீஸைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிடுவார்கள். அதைத் தைத்த பெண், தன் சட்டையில் ஒன்றரை இஞ்ச் தப்பைக் காசு கொடுத்துச் சரி செய்துகொள்கிறாள்.

உண்மையான டிசைனர் யார்? என்னைக் கேட்டால், அந்தத் தப்பைப் பத்து நிமிஷத்தில் பிரித்துப் பிடிக்கிற தையல்கார அக்காதான். அவர் பெயரை எந்தக் காலரிலும் போடுவதில்லை.

டிசைனர்கள் ஒரு வாரம் இங்கே வந்து உட்காரட்டும். கையில் டேப் மட்டும் போதும், போட்டோகிராபர் வேண்டாம். ஷிப்ட் முடிந்து வேன் இறங்குகிற பெண்களை அளந்து பார்க்கட்டும். தங்கள் பெயரைக் காலரில் எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அப்படியே ஒரு பாக்கெட்டும் வைக்கச் சொல்லுங்கள். வேனைப் பிடிக்க ஓடுகிற பெண் இன்னமும் செல்போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறாள்.