டியூனர் கார்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"இந்தக் கார்டைக் கம்ப்யூட்டரில் போடுங்க சார், எல்லா சேனலும் வந்துடும்." இப்படிச் சொல்லி விற்கிறவர்களுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். எல்லா சேனலையும் கொண்டுவரும் டியூனர் கார்டு என்று ஒன்று கிடையாது. தெரியாமல் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை. தெரிந்தே சொன்னால் நம் பென்ஷன் பணத்தில் கை வைக்கிறார்.

அரசு அலுவலகத்தில் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் பார்ப்பது, இது எந்தப் பிரிவுக்கு உரியது என்பதைத்தான். டியூனருக்கும் அதே விதி. ரிமோட் உண்டா, ரெக்கார்ட் ஆகுமா என்பதெல்லாம் பிறகு. சிக்னல் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? முதல் கேள்வி இதுதான்.

பெட்டியின் மேல் 'டிவிபி' என்று போட்டு, பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். 'எஸ்' என்றால் செயற்கைக்கோள், அதாவது மாடியில் இருக்கும் டிஷ். 'சி' என்றால் கேபிள். 'டி' என்றால் ஆன்டெனா. எழுத்து மாறினால் கார்டு வீண். டிவிபி என்றே போடாமல் பழைய அனலாக் கார்டாக இருந்தால், அதற்கு இங்கே சிக்னலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூர்தர்ஷன் தன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, நிறுத்திவிட்டது.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாரீசிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் ஆசையாக ஒரு டியூனர் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்திலேயே இது ஒத்துவராத சம்பந்தம். பிரான்ஸ் 1967-இல் செகாம் முறையில் கலர் டி.வி. தொடங்கியது. நாம் 1982-இல் எடுத்துக்கொண்டது 'பால்' முறை (குடிக்கும் பால் அல்ல). இன்றும் அப்படியே. அங்கே ஆன்டெனாவில் வருவது டிவிபி-டி. இங்கே சில நகரங்களில் தூர்தர்ஷன் ஒலிபரப்புவது டிவிபி-டி2. பழையதை மட்டும் வாங்கும் டியூனர் புதியதை வாங்காது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த நாட்டின் மேல் பிரியம் உண்டு. அதற்காக அங்கத்திய டியூனர் இங்கே வேலை செய்யும் என்று சொல்ல முடியுமா?

சரி, எழுத்தைப் பார்த்தே வாங்கிவிட்டோம். அப்போதும் கேபிள்காரர் சேனல்கள் வராது. 2011-இல் கேபிள் சட்டத்தைத் திருத்தியபின் சிக்னல் பூட்டுப் போட்டு வருகிறது. சாவி அவர் கொடுத்த செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. கட்டண டிஷ்ஷும் அப்படித்தான். மாதச் சந்தா கட்டுவது நாம். ஆனால் எந்தப் பெட்டியில் பார்ப்பது என்று முடிவு செய்வது அவர்கள். இது நியாயமா என்று தனியாகச் சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் இந்தப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கார்டை விற்பது அதைவிட மோசம்.

அப்படியானால் எதுதான் உதவும்? இரண்டு வழி. ஒன்று, டிடி ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா கிடையாது. பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் கிடையாது. டிவிபி-எஸ்2 கார்டு போதும். இதைச் சுமந்து நிற்கும் ஜிசாட்-15, 2015-இல் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து போனது. பிரான்ஸ் சம்பந்தம் இங்கேதான் பலன் தருகிறது! இரண்டு, இருக்கிற செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை வாங்கிக்கொள்ளும் ஏ.வி. இன்புட் கொண்ட கருவி. சேனல் மாற்ற பாக்ஸின் ரிமோட்தான். படம் சுமார்தான், ஆனால் வரும்.

"வயசானவங்களுக்கு இந்த விவரமெல்லாம் எதுக்கு சார், குழம்பிடுவாங்க" என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். கஜானா விதிகளையும் பென்ஷன் கணக்கையும் கரைத்துக் குடித்தவர்களுக்கு எஸ், சி, டி என்ற மூன்று எழுத்து புரியாதா? குழப்பம் நம் வயசில் இல்லை. விவரத்தை மறைத்து விற்பதில் இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள். "இது எந்த சிக்னலை வாங்கும்?" என்று கேளுங்கள். பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.