மழை நாட்டில் கல்லா யாரிடம்?



கடந்த ஆண்டு ஆடி மாதம் லகடாங் மஞ்சளைப் பார்த்து வர மேகாலயா சென்றிருந்தேன். குர்குமின் சத்து 7 சதவீதம் வரை உள்ள சரக்கு. 2024-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மஞ்சள் வியாபாரி அதை நேரில் பார்க்காமல் இருக்கலாமா?

"மழைக்காலத்தில் யாராவது அங்கே போவார்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது சரிதான். கவுகாத்தியில் ரயிலை விட்டு இறங்கினால் ஷில்லாங்குக்கு 100 கிலோமீட்டர் சாலை, அங்கிருந்து சோராவுக்கு இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல். நாம் பள்ளியில் சிரபுஞ்சி என்று படித்த ஊர்தான் சோரா. பக்கத்து மாசின்ரமில் ஆண்டுக்குச் சராசரி 11,800 மில்லிமீட்டர் மழை. நம் ஈரோட்டில் 700 பெய்தாலே நல்ல வருஷம் என்கிறோம். அவ்வளவு பெய்தும், குளிர்காலத்தில் சோராவில் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு! வயலில் வேலை செய்பவர்கள் தலையும் முதுகும் மூடும்படி, கவிழ்த்த படகு போன்ற மூங்கில் மறைப்பு ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். பெயர் 'க்னுப்'. குடை பிடிக்க ஒரு கை வீணாகாது. நம் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

ஷில்லாங்கின் பெரிய சந்தைக்குப் பெயர் இயூடு. சரிவான சந்துகளில் ஆண்கள் நெற்றிப் பட்டையில் கூடை மாட்டிச் சுமை ஏற்றுகிறார்கள். வெற்றிலை, பாக்கு, கருவாடு, கிழங்கு என்று கடைகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது பெண்கள். விலை பேசுமுன் ஓர் அம்மாள் எனக்குப் பாக்கும் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையும் நீட்டினார். 'க்வாய்' என்பார்கள். அதன் பிறகு விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை! காசி மக்களின் பழைய வாரத்துக்கு 8 நாள். நாட்களுக்குச் சந்தைகளின் பெயர்தான்.

அங்கே குலம் தாய்வழி. பூர்வீக வீடும் சொத்தும் கடைசி மகளுக்கு வரும். வயதான பெற்றோரைப் பார்க்கும் கடமையும் அவளுக்கே. தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு உண்டு, ஊர்ச் சபையோ பரம்பரையாக ஆண்களுடையது. ஆகவே பெண்ணாட்சி என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் பெண்ணுக்குக் கடை நடத்தத் தெரியுமா என்ற கேள்வி அந்தச் சந்தையில் எழவே வழியில்லை.

நம்மிடம் எழுகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் வந்தது. பங்கைக் கொடுத்தாலும் சாவியைக் கொடுக்கிறோமா? மகன் வெளியூர் வேலைக்குப் போனதும் மூன்று தலைமுறைக் கடையை மூடியவர்கள் நம் வீதியிலேயே உண்டு. நானும் யோக்கியன் அல்ல. என் மகள் நான்கு ஆண்டுகள் பேரேடு எழுதினாள், ஒரு பைசா பிசகியதில்லை. கல்யாணம் ஆனதும், "இனி எதற்கம்மா?" என்று நானேதான் நிறுத்தினேன். அவள் இருப்பது இரண்டு தெரு தள்ளி.

சென்ற மாதம் சங்கச் சந்தா புதுப்பிக்கும்போது, வாரிசு என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். படிவத்தைப் பார்த்த தம்பி, "பையன் பேரை எழுத மறந்துட்டீங்களாய்யா?" என்றார்.

மறக்கவில்லை என்றேன்.