பிரசங்க மேடையில் சமூக நீதி பேசலாமா?

மேச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“நாங்கள் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். எங்கள் போதகர் நல்ல மனிதர். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் ஓடி வருவார். போன மாதம் வாலிபர் கூட்டத்தில் என் மகள், ‘ஒரே சபைக்குள் பெண் பார்க்கும்போதும் ஏன் சாதி பார்க்கிறோம்?’ என்று கேட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு போதகர், ‘சமூக நீதி என்ற பெயரில் உலக அரசியல் சபைக்குள் நுழைகிறது, அது சுவிசேஷத்தையே விழுங்கிவிடும்’ என்று பிரசங்கம் செய்தார். இனி சர்ச்சுக்கு வரமாட்டேன் என்கிறாள் மகள். நான் யார் பக்கம் நிற்பது?”

சகோதரி, முதலில் உங்கள் போதகரின் கவலையைக் கேட்போம். அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

பாவம், மன்னிப்பு, மனமாற்றம் ஆகியவற்றைச் சொல்வதே சபையின் முதல் வேலை என்று அவர் நம்புகிறார். மனிதர்களை ‘ஒடுக்குபவர்’, ‘ஒடுக்கப்பட்டவர்’ என்று இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டால், ஒருவரை ஒருவர் மன்னிக்க இடம் எங்கே என்று பயப்படுகிறார். இன்று சாதியைப் பேசினால் நாளை கட்சிக்காரர் மேடையேறிவிடுவார் என்றும் நினைக்கலாம். ஊர் நடப்பு தெரிந்தவர்கள் இந்தப் பயத்தைக் கேலி செய்யமாட்டார்கள்.

இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. அங்குள்ள மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு, தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன். இனவெறியைப் புரிந்துகொள்ள உதவும் சில சமூகக் கோட்பாடுகளை வேதத்துக்குக் கீழ்ப்பட்ட கருவியாகப் பயன்படுத்தலாம் என்று 2019-ல் அது ஒரு தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கோட்பாடு தங்கள் விசுவாசத்துக்குப் பொருந்தாது என்று 2020 நவம்பரில் அதன் ஆறு இறையியல் கல்லூரித் தலைவர்களும் அறிவித்தார்கள். மனம் நொந்த கறுப்பினப் போதகர்கள் சிலர் வெளியேறினார்கள்.

அவர்கள் ஏன் நொந்தார்கள் என்பதற்குப் பழைய கதை இருக்கிறது. அந்த அமைப்பு 1845-ல் பிறந்ததே அடிமைப் பிரச்னையால்தான். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில் தெற்கத்திச் சபைகள் தனியாகப் பிரிந்தன. அதற்காக மன்னிப்புக் கேட்க 1995 வரை, சரியாக 150 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அந்த மேடைகளில் சுவிசேஷம் பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது! இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கறுப்பின மக்களின் உரிமைக்காக 1963-ல் பர்மிங்ஹாம் சிறைக்குப் போன மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு பாப்டிஸ்ட் போதகர்தான்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று போதகர் கேட்டால், பழைய சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலுக்கு வருவோம்.

அங்கே ஜான் கிளப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். மேல்சாதியார் சிலர் அவரிடம் ஆர்வமாக வந்தார்கள். தோல் வேலை செய்த மாதிகா மக்களும் வந்தார்கள். ‘அவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம்’ என்றார்கள் முன்னவர்கள். கிளப் மாதிகா மக்களைத் திருப்பி அனுப்பவில்லை.

1876-78 பெரும் பஞ்சம் வந்தது. கிளப் பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். அந்தப் பஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தியும் வைத்தார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம். பஞ்சம் தணிந்த பிறகு, 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார்கள். நீதியும் சுவிசேஷமும் அங்கே ஒன்றையொன்று விழுங்கிவிடவில்லை.

இன்னும் பக்கத்தில், இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போவோம். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களை அனுப்பிய அமைப்பின் பெயரே ‘ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்’. கோட்பாட்டில் அத்தனை கறார்!

ஆனால் ஜெஸ்ஸி பிரசங்கத்தோடு நிற்கவில்லை. மருந்து கொடுத்தார், பள்ளி நடத்தினார், விவசாயமும் கட்டட வேலையும் கற்றுக்கொடுத்தார். நரம்புச் சிலந்தி நோய் வந்தவர்களின் காலிலிருந்து புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தார். நோயாளி கிணற்றுத் தண்ணீரில் கால் வைத்தால் அங்கிருந்து அது ஊருக்கே பரவும். அதனால் கிணற்றைக் காக்கவும் சொல்லிக்கொடுத்தார். 1929-ல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். ஓய்வு வயது வந்த பிறகும் ஈவ்லின் மலைக்குத் திரும்பி வந்து உழைத்தார். 1974-ல், 95 வயதில் காலமானார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்த இவர்களின் மகன்.

காலில் உள்ள புழுவை எடுப்பது தர்மம். அடுத்தவன் காலில் அது வராமல் கிணற்றைச் சரிசெய்வது நீதி. தர்மம் செய்யும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். கிணற்றைத் தொட்டால்தான் ‘இது அரசியல்’ என்ற குரல் வருகிறது.

சாதியும் அந்தக் கிணறு மாதிரிதான். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினர் என்ற தகுதியைப் பெற முடியாது. மதம் மாறியும் சாதிக் கொடுமை மாறவில்லை, எனவே தகுதி கொடுங்கள் என்று கிறிஸ்தவ அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. உச்ச நீதிமன்றத்தில் 2004-லேயே வழக்குத் தொடரப்பட்டது. டெல்லியில் ‘சாதி இருக்கிறது’ என்று மனு கொடுத்துவிட்டு, உள்ளூர்ச் சபையில் ‘அந்தப் பேச்சே வேண்டாம்’ என்றால் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்?

அந்தப் பிள்ளைக்கு வேதத்திலேயே துணை இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி மந்தை மேய்த்தவர். செம்மறி ஆட்டுக்குப் பேர்போன மேச்சேரிக்காரர்களுக்கு அவரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கள்ளத் தராசு வைப்பவர்களையும், ஏழையை ஒரு ஜோடி செருப்பு விலைக்கு வாங்குபவர்களையும் அவர் கண்டித்தார். எந்தக் கட்சியும் அவருக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை.

சகோதரி, பக்கம் பிரிந்து நிற்காதீர்கள். மகளை அழைத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போங்கள். ‘சமூக நீதி’ என்ற பெரிய வார்த்தையை வாசலிலேயே விட்டுவிட்டு, சின்னக் கேள்விகளைக் கேளுங்கள். நம் சபையில் வரன் பார்க்கும்போது சாதி கேட்பது சரியா? கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே இடமா? கமிட்டியில் எந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் இல்லை?

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். வெறுப்பு வந்துவிடக்கூடாது என்ற போதகரின் எச்சரிக்கையை அவளும் காதில் போட்டுக்கொள்ளட்டும். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிற மனிதர், பகலில் ஒரு பெண் கேட்கும் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொல்வார் என்றே நம்புகிறேன்.

கேள்வி கேட்கிற பிள்ளை இன்னும் சபைக்குள்தான் இருக்கிறாள். அவள் கேட்பதை நிறுத்தும் நாளில்தான் நீங்களும் போதகரும் நிஜமாகக் கவலைப்பட வேண்டும்.