விமானம் இறங்குது வாசலில். கடலுக்குப் போக வண்டி எங்கே?

மதுரை விமான நிலையம் எங்கே இருக்கிறது? நகரத்துக்குத் தெற்கே, பெருங்குடியில், அருப்புக்கோட்டை ரோட்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காரியாபட்டி. சுமார் 40 கிலோமீட்டரில் அருப்புக்கோட்டை. அதற்குக் கிழக்கே திருச்சுழி. இன்னும் போனால் கமுதி. அதற்கும் அப்பால் சாயல்குடி, மூக்கையூர், கடல்!

ஆக, கரிசல் சீமைக்கு வாசலில் விமானம். கொல்லையில் கடல். நடுவில் நாம்.

ஆனால் வாசலில் இறங்கியவன் கொல்லைக்குப் போக வழியில்லாமல் திண்டாடுகிறான். வழி என்றால் ரோடு இல்லையா? ரோடு இருக்கிறது. நாலு வழிச் சாலையே இருக்கிறது. எலியார்பத்தியில் சுங்கம் கட்டிவிட்டு காரில் பறக்கலாம். கார் இருந்தால்!

கார் இல்லாதவன்?

தெற்கே போக வடக்கே போ!

துபாயிலிருந்து ஒரு தம்பி வந்து இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சாயல்குடி பக்கம். கொத்தனார் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவன். கையில் பெட்டி, தோளில் பை, பிள்ளைக்கு ஒரு பொம்மை.

வெளியே வந்தால் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. "சாயல்குடியா? ஏறுங்க. திரும்பி வர்றதுக்கும் சேத்துக் குடுக்கணும்." கேட்கிற தொகை ஆயிரக்கணக்கில். உள்ளூரில் ஜவுளிக்கடையில் நிற்கிற பையனுக்கு அது ஒரு வாரச் சம்பளம்.

பஸ்ஸில் போகலாம் என்றால் என்ன செய்ய வேண்டும்? நகரத்துக்குள் போக வேண்டும். நகரத்தைத் தாண்டி வடகிழக்கே மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். அங்கே அருப்புக்கோட்டை பஸ்ஸோ, கமுதி பஸ்ஸோ பிடித்து உட்கார வேண்டும்.

அந்த பஸ் எந்த வழியாகப் போகிறது தெரியுமா? ரிங் ரோடு வழியாக வந்து, மண்டேலா நகரைத் தொட்டு, தெற்கே திரும்புகிறது. அதாவது, தம்பி விமானத்தை விட்டு இறங்கிய இடத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் பக்கத்திலேயே! இறங்கிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு ஒன்றரை மணி நேரம், ஒரு ஆட்டோக் கூலி, ஒரு பஸ் டிக்கெட்.

மண்டேலா நகரிலேயே நின்று ஏறிக்கொள்ளலாமே என்பீர்கள். நியாயம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேருவதே ஒரு பாடு. போய் நின்று கை காட்டினாலும், நிறைந்து வருகிற வெளியூர் பஸ் நின்றால் உண்டு, நிற்காவிட்டால் இல்லை. கைக்குழந்தையோடு வருகிற ஒரு பெண் ராத்திரி எட்டு மணிக்கு அந்த ரோட்டோரத்தில் நின்று பார்க்கட்டும். அப்போது தெரியும்.

கடலைத் தாண்ட ஒரு மணி நேரம்

மதுரையில் புது விமான முனையம் திறந்தது 2010-ல். 2012-ல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று வந்தன. 2024 அக்டோபர் முதல் இருபத்து நாலு மணி நேரமும் இயங்க ஏற்பாடு ஆயிற்று. சந்தோஷம். வரவேற்கிறோம்.

கொழும்பில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மதுரை. கடலையே தாண்டி வந்தாகிவிட்டது. ஆனால் மதுரையில் இறங்கி, அதே கடலின் இந்தக் கரைக்குப் பஸ்ஸில் போய்ச் சேர அரை நாள் ஆகிறது! விமானம் வளர்ந்தது. பஸ் வளரவில்லை.

மற்ற ஊர்களில் எப்படி? சென்னையைப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக வேண்டும். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரெயிலில் தாம்பரம். தாம்பரத்தில் 515-ஆம் நம்பர் பஸ். மாமல்லபுரம் வந்துவிட்டது. ஒரு தரம் மாறினாலும், சில்லறைக் காசில் முடிகிற காரியம். வெள்ளைக்காரப் பிரயாணிகளே பையை முதுகில் மாட்டிக்கொண்டு அப்படிப் போவதைப் பார்க்கலாம்.

பெங்களூரில் இன்னும் ஒரு படி மேலே. விமான நிலைய வாசலிலேயே ஏறி, நேராக மைசூரில் போய் இறங்கிக்கொள்கிற மாதிரி, கர்நாடக சர்க்கார் போக்குவரத்துக் கழகம் பத்து வருஷத்துக்கு மேலாக 'ஃபிளை பஸ்' ஓட்டிக்கொண்டிருக்கிறது. தூரம் கொஞ்சமா? மதுரை விமான நிலையத்திலிருந்து சாயல்குடிக்கு உள்ள சுமார் 110 கிலோமீட்டரைவிட அது அதிகம்.

அங்கே முடிகிறது. இங்கே ஏன் முடியாது?

சத்தத்தில் தொலைந்த ரெயில்

"பஸ் எதுக்கு அண்ணாச்சி? அதான் ரெயில் வரப் போகுதே" என்று சிலர் சொல்கிறார்கள்.

எந்த ரெயில்? மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புது ரெயில் பாதை. 143 கிலோமீட்டர் சொச்சம். 2011-12-ல் அனுமதி ஆனது. அப்போது பிறந்த பிள்ளை இப்போது மீசை முளைத்து நிற்கிறது. இத்தனை வருஷத்தில் முடிந்தது தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டான் முதல் மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர். அருப்புக்கோட்டைப் பக்கம் தண்டவாளம் எட்டிப் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்த ரெயில்வே மந்திரி அஷ்வினி வைஷ்ணவ், இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாடு சர்க்காரே சொல்லிவிட்டதாகப் பேசினார். போக்குவரத்து மந்திரி சிவசங்கர், "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தார். பிறகு விளக்கம் வந்தது. சத்தத்தில் நிருபர்கள் கேட்ட கேள்வி சரியாகக் காதில் விழவில்லையாம். மந்திரி சொன்னது தனுஷ்கோடி ரெயில் பாதையைப் பற்றியாம்!

எங்கள் ரெயில் சத்தத்தில் தொலைந்து, மறுபடியும் காகிதத்தில் கிடைத்தது. சரி, கிடைத்தவரை லாபம். அது வரட்டும். வரும்போது ஏறிக்கொள்கிறோம். அதுவரை தம்பி எதில் போவான்?

ரெயிலுக்கு நிலம் எடுக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும், கோடிகளை ஒதுக்க வேண்டும். பஸ்ஸுக்கு என்ன வேண்டும்? ஏற்கனவே ஓடுகிற பஸ். ஏற்கனவே இருக்கிற ரோடு. ஓர் அதிகாரியின் கையெழுத்து. இவ்வளவுதான்.

நம் ஊரைத் தாண்டிப் போகும் காசு

அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னார்: "ஏர்போர்ட்டுல எறங்குற சனம் எல்லாம் பைபாஸ்ல சர்ரு சர்ருன்னு போகுது அண்ணே. நம்ம ஊருக்குள்ள ஒரு டீ குடிக்க நிக்கிறதில்ல."

உண்மை. நாலு வழிச் சாலை ஊரை ஒதுக்கிக்கொண்டு போகிறது. திருச்செந்தூர் போகிற கூட்டமும், தூத்துக்குடி போகிற கூட்டமும் அதில் போகிறது. தைப்பூசத்துக்கு நடந்து போகிற பாதயாத்திரைக்காரர் மட்டும்தான் ஊரைத் திரும்பிப் பார்க்கிறார்.

அருப்புக்கோட்டையில் கைத்தறிச் சேலை இருக்கிறது. மல்லிகைப் பூ இருக்கிறது. திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த வீடு இருக்கிறது. திருவண்ணாமலைக்கு வருகிற வெளிநாட்டு பக்தர்கள் திருச்சுழியையும் தேடி வருகிறார்கள். பஸ் ஊருக்குள் வந்தால் பிரயாணி இறங்குவான். இறங்கினால் சாப்பிடுவான், வாங்குவான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. மத்திய சர்க்கார் 2018-ல் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் அதில் விழுந்தவை இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். நாம் கேட்கிற பஸ் ஓட வேண்டியது இந்த இரண்டு மாவட்டத்துக்குள்தான்! முன்னேற்றத்துக்குக் கூட்டம் போட்டால் போதுமா? பஸ் விட வேண்டாமா?

ஆள் வருமா?

அதிகாரிகள் சொல்வது நமக்குத் தெரியும். "விமானத்தில் வருகிறவன் பஸ்ஸில் ஏறுவானா? காலி வண்டி ஓட்டி நஷ்டப்பட முடியுமா?"

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

விமானத்தில் வருகிறவர் எல்லாம் பணக்காரர் என்பது பழைய கணக்கு. இன்றைக்கு வளைகுடாவிலிருந்து வருகிறவரில் டிரைவர், கொத்தனார், சமையல்காரர், கடைச் சிப்பந்தி எத்தனை பேர்! கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள். வழியனுப்ப வருகிற தாயும் தகப்பனும் எதில் திரும்பிப் போவார்கள்? விமான நிலையத்தில் துப்புரவுக்கும், காவலுக்கும், சுமை தூக்கவும் வேலைக்கு வருகிறவர்கள் எதில் வருவார்கள்? இவர்களையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு ஆட்சேபம்: "தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமான நிலையம் இருக்கிறதே!" இருக்கிறது. 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். ஆனால் அங்கே வெளிநாட்டு விமானம் இறங்குவதில்லை. திருச்செந்தூருக்கு அது உதவும். திருச்சுழிக்காரனுக்கும், கமுதிக்காரனுக்கும், சாயல்குடிக்காரனுக்கும் மதுரைதான் வாசல்.

மூன்றாவது ஆட்சேபம்தான் எடை போட வேண்டியது. மாட்டுத்தாவணியிலிருந்து வருகிற பஸ்ஸை விமான நிலையத்துக்குள் திருப்பினால், ஏற்கனவே உட்கார்ந்திருக்கிற பிரயாணிக்குக் கால் மணி நேரம் வீணாகும். தினமும் மதுரையில் வேலை முடித்து வீடு திரும்புகிற குமாஸ்தாவுக்கு அந்தக் கால் மணி பெரிசு. வாஸ்தவம். அதனால்தான் எல்லா பஸ்ஸையும் திருப்பச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மூன்றே மூன்று நடை. 'விமான நிலையம் வழி' என்று பலகை மாட்டினால் போதும். அவசரக்காரர் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வார்.

கேட்பது இவ்வளவுதான்

ஒன்று: காலை, மதியம், இரவு என்று மூன்று நடை பஸ். விமான நிலைய வாசலில் கிளம்பி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு, திருச்சுழி, கமுதி வழியாகச் சாயல்குடி. அதே போலத் திரும்பி வரவும். நேரத்தை விமானம் வந்து சேரும் நேரத்தோடு பொருத்த வேண்டும். விமானம் வருவதற்கு அரை மணி முன்னால் கிளம்பிப் போகிற பஸ் யாருக்கு உபயோகம்?

இரண்டு: பெட்டி வைக்க இடம். பின் சீட்டைக் கழற்றினாலே போதும். பெட்டிக்குத் தனி டிக்கெட் என்றால் கட்டணத்தை எழுதி ஒட்டுங்கள். கண்டக்டருக்கும் பிரயாணிக்கும் சண்டை வராது.

மூன்று: மண்டேலா நகரில் தெற்கே போகிற பஸ்களுக்கு ஒழுங்கான நிறுத்தம். நிழற்குடை, விளக்கு, குடிதண்ணீர், பஸ் நேரம் எழுதிய பலகை. விமான நிலைய வாசலிலிருந்து அங்கே வரைக்கும் ஒரு சிறு பஸ் போய் வந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. முதல் கோரிக்கைக்கு நாளானாலும் இதை உடனே செய்யலாம்.

மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆள் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், கேட்க மாட்டோம். ஓட்டியே பார்க்காமல் "ஆள் வராது" என்று சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, முதுகுளத்தூர் மூன்று தொகுதிக்கும் எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் எம்.பி.க்கள் இருக்கிறார்கள். எல்லோருமே விமானத்தில் போய் வருகிறவர்கள்தான். அடுத்த தடவை மதுரையில் இறங்கும்போது, வாசலில் நிற்கிற காரில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பக்கத்தில் திரும்பிப் பார்க்கட்டும். பெட்டி மேல் உட்கார்ந்து கார்க்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறவன் அவர்களுக்கு ஓட்டுப் போட்டவன்தான்.

ரெயிலுக்குக் கேட்ட கேள்விதான் சத்தத்தில் காதில் விழாமல் போயிற்று. பஸ்ஸுக்குக் கேட்கிறோம், சத்தமில்லாத இடத்தில், எழுத்தில் கேட்கிறோம்.

காதில் விழுமா?