ஒரே அப்பம், இரண்டு பந்தி

பொருநைக் கரையில் வாழும் கிறிஸ்தவருக்கு அசனம் என்ற சொல்லை எவரும் விளக்க வேண்டியதில்லை. திருவிழா முடிந்த நாளிலோ, நேர்ச்சை நிறைவேறிய வேளையிலோ, கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, வீடு வீடாகப் பிரித்த அரிசியையும் காணிக்கையாக வந்த ஆட்டையும் ஒன்றாகச் சமைத்து, ஊரார் இலை போட்டு அமர்ந்து உண்பது அது. வடசொல் என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். தோழமை, ஒன்றிப்பு, உறவு வாழ்வு என்று நம் மறையுரைகளில் ஒலிக்கும் அழகிய சொற்கள் அனைத்தையும் விட இந்த ஒரு சொல்லுக்குள் திருச்சபை தெளிவாகத் தெரிகிறது என்பது நம் எண்ணம். ஆதலால் திருச்சபையைப் பற்றிய பிணியும் இங்கேதான் முதலில் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கின் அசனத்தில் நாமும் இருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும். அரிசி எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்திருந்தது. ஒரே அண்டாவில் வெந்தது. குருவானவர் செபித்து மந்திரித்தார். பந்தி தொடங்கியபோது, கீழத்தெரு மக்கள் மட்டும் சமையற் கொட்டகையின் பின்புறம் தூக்குச்சட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். எவரும் அவர்களை அங்கே நிற்கச் சொல்லவில்லை. எவரும் முன்னே அழைக்கவும் இல்லை. ஒரு மூதாட்டியிடம், “அம்மா, இலையில் உட்காரலாமே” என்றோம். “இருந்து சாப்பிட்டா எறங்காது ஐயா, அவுக பாக்கிற பார்வை அப்பிடி. வீட்டுக்குக் கொண்டு போயிப் பிள்ளையளோட சாப்பிட்டுக்கிடுதோம்” என்றார். கோபம் இல்லை, குறை கூறும் தொனியும் இல்லை. நாம் என்ன செய்தோம்? திரும்பி வந்து நமக்கென்று விரித்திருந்த இலையில் அமர்ந்து உண்டோம். இக்கட்டுரையைப் பிறருக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக வாசகர் கொள்ளலாகாது என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறோம்.

அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அந்த மூதாட்டியும் நாமும் ஒரே பலிபீடத்தின் முன், ஒரே நற்கருணையை வாங்கியிருந்தோம். கொரிந்து நகர்ச் சபையில் உண்ண வந்தவருள் ஒருவர் பசித்திருக்க மற்றவர் நிறைய உண்டு வெறித்திருந்ததைக் கேள்வியுற்ற புனித பவுல், நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என எழுதினார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியிலிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பின்வாங்கியபோது அவரை நேருக்கு நேர் கண்டித்தார். கவனியுங்கள்: திருச்சபையின் முதல் திருத்தந்தையை முதல் நூற்றாண்டிலேயே ஒரு திருத்தூதர் எதிர்த்து நின்றது, யாரோடு அமர்ந்து உண்பது என்பதற்காக.

நம் மாவட்டத்துக்கு இது புதிய கதையன்று. வடக்கன்குளத்தை அறியாதவர் நம்முள் இலர். திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனை அலுவலராய் இருந்த நட்டாலத்து நீலகண்டன், டச்சுத் தளபதி தெலனாயின் வாயிலாக நம்பிக்கையை அறிந்து, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரில்தான். சாதிக் கட்டை மீறி எல்லாரோடும் கலந்து பழகினார் என்பதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குத் திருமுழுக்களித்த அதே ஊரில், 127 ஆண்டுகள் கழித்து, 1872-இல் நாம் கட்டிய கோயில் எப்படிப்பட்டது? ஒரே பலிபீடம், அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து செல்லும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர் முதலியோர், மற்றொன்றில் நாடார். பலிபீடத்தில் நிற்கும் குரு இரு சாராரையும் காண்பார். அவர்கள் ஒருவரையொருவர் காண மாட்டார்கள். காற்சட்டை போன்ற கோயில் என்று வெள்ளையர் வேடிக்கையாகச் சொன்னார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கொத்தனாரின் கைத்திறத்தையும் வடிவக்கணக்கின் நுட்பத்தையும் பகைமைக்கு இவ்வளவு பொருத்தமாகப் பயன்படுத்திய கட்டடம் உலகில் வேறு எங்காவது உண்டா என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

38 ஆண்டுகள் அந்தப் பிரிவினை நின்றது. 1910-இல் இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார், பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தோற்றுவித்த அதே பெரியவர், அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். அதன்பின் நடந்ததே நாம் பாடமாகக் கற்க வேண்டிய பகுதி. சுவர் விழுந்ததற்காக நன்றிப் பாடல் பாடப்படவில்லை. மனம் புண்பட்டவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சுவரை மறுபடி எழுப்பித் தரவேண்டும், எம் பகுதியில் பிறர் நுழையாதிருக்க ஆணையிட வேண்டும் என்று கத்தோலிக்கர்கள், தங்கள் ஆயரையே எதிரியாக்கி, ஆங்கில அரசின் நீதிபதிகளிடம் கேட்டார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. கிறிஸ்தவரான பின் சக கிறிஸ்தவரின் அருகாமையிலிருந்து விலகியிருக்கும் தனியுரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நற்செய்தியில் தெளிவாக எழுதியிருந்ததை நமக்கு உரைக்க ஒரு காலனி அரசின் நீதிமன்றம் வேண்டியிருந்தது.

இங்கே வேளாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர் நிம்மதியடைவதற்கில்லை. அன்று சுவருக்கு மறுபுறம் நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், தமக்கும் கீழே என்று ஊர் வகுத்து வைத்திருப்போருக்கு இன்று என்ன இடம் அளிக்கிறார்கள்? வாங்கிய அவமானத்தை மறந்தவர் எவருமிலர். அதை அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றியவர் பலர். எந்தச் சாதியும் தனக்கு மேலுள்ள சுவரை மட்டுமே சுவர் என்கிறது; கீழுள்ளதை வழக்கம் என்கிறது. (திருநெல்வேலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1774-இல் பிறந்து, பின் தஞ்சையில் சீர்திருத்த சபையின் பெருங்கவிஞரான வேதநாயக சாஸ்திரியார் கூட, சாதி வேறுபாட்டைக் கைவிடச் சொன்ன குருமாரை எதிர்த்தே எழுதினார். பாட்டால் உருக்கியவர்களும் பந்தியில் இடறியதுண்டு.)

சுவர் 1910-இல் விழுந்தது; பிறகு எங்கே போயிற்று? தெருவுக்குப் போயிற்று. அங்கிருந்து, நாம் மிகுந்த நம்பிக்கையோடு தொடங்கிய அன்பியத்துக்குள் நுழைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் உணர்வில், பெரிய பங்கைச் சிறு குடும்பங்களாக்கி, வீட்டுக்கு வீடு இறைவார்த்தையைப் பகிர்ந்து, துன்பத்தில் துணை நிற்பதற்கென்றே அன்பியங்கள் அமைக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் எல்லை எப்படி வகுக்கப்பட்டது? அடுத்தடுத்த இருபது, முப்பது வீடுகள் ஓர் அன்பியம் என்று. நம் கிராமங்களில் அடுத்தடுத்த முப்பது வீடுகள் என்றால் ஒரே சாதி என்று பொருள். புனிதர் ஒருவரின் பெயரைச் சூட்டிவிட்டதால் சாதிக் கூட்டம் அன்பியம் ஆகிவிடுமா? ஒரு பங்கில் ஏழு அன்பியங்கள் உண்டு; ஏழிலும் செபமாலை தவறாது நடக்கிறது. மேலத்தெருவார் கீழத்தெரு வீட்டுத் திண்ணையில் ஒருமுறையேனும் அமர்ந்து வேதாகமம் திறந்ததில்லை. அன்பியம் அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தவில்லை, ஏற்கெனவே அறிந்தவர்களை இன்னும் நெருங்க வைத்தது, அவ்வளவே. முன்பு கட்டடத்தில் நின்ற சுவருக்கு இப்போது வருகைப் பதிவேடும் மாதாந்தர அறிக்கையும் உண்டு.

எல்லையை மாற்றுவது கடினம் என்பார்கள். 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாயிற்று. 1973-இல் மதுரையிலிருந்து பிரிந்து பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வேறோர் ஆயரின் மக்களாயின. யாருக்கும் தலைவலி கூட வரவில்லை. உரோமையில் இருந்துகொண்டு இவ்வளவு பெரிய நிலப்பரப்பின் எல்லையைத் திருத்த முடிந்த திருச்சபைக்கு, மேலத்தெருவில் பதினைந்து வீட்டையும் கீழத்தெருவில் பதினைந்து வீட்டையும் சேர்த்து ஓர் அன்பியமாக்க முடியாதா?

புளியம்பட்டிக்குச் செல்லுங்கள். அந்தோனியார் திருத்தலத்தில் நேர்ச்சை அசனம் நடக்கும்போது அருகில் இருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இந்துக் குடும்பம் சமைத்ததைக் கிறிஸ்தவக் குடும்பம் உண்கிறது. முன்பின் அறியாதவரின் இலையில் சோறு வைத்துக் கும்பிடுகிறோம். அதே நாம், மறுநாள் பேருந்து இறங்கி ஊருக்குள் நுழைந்ததும் பழைய ஆளாகிறோம். யார் என்று தெரியாதவரைச் சகோதரர் என ஏற்கிறோம்; யார் என்று நன்கு தெரிந்தவரை விலக்குகிறோம். அறியாமையால் வரும் சமத்துவத்துக்குத் தோழமை என்று பெயரிடலாமா?

கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே நின்ற சுவரை நாடறியும். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில், கோயிலிலும் இறுதி ஊர்வலத்திலும் சம உரிமை கேட்டெழுந்த பூசல் கலவரமாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. தாக்கப்பட்டவரும் தாக்கியவரும் மாண்டவரும் ஒரே செபமாலை மாதாவின் பங்கு மக்கள்.

இதற்கிடையில் நாம் தில்லியில் என்ன பேசுகிறோம்? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இனத்தார் உரிமையை மறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது; நமக்குத் திறக்கவில்லை. அந்த ஆணை அநீதியானது. அதை எதிர்க்கும் போராட்டத்தில் நாம் முழுமையாக நிற்கிறோம். ஆயினும் 1985-இல் சூசை என்ற தமிழ்க் கிறிஸ்தவத் தொழிலாளியின் வழக்கில் உச்சநீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று தள்ளியதே, அதை நினைத்துப் பாருங்கள். மெய்ப்பிக்கும் சான்று நம் ஒவ்வொரு பங்கிலும் இருந்தது: தனித் தெரு, தனிக் கல்லறை, தனிப் பந்தி. தில்லிக்கு மனு எழுதும்போது சாதி மதம் மாறினாலும் தொடர்கிறது என்கிறோம். ஞாயிறு மறையுரையில் கிறிஸ்துவில் சாதி இல்லை என்கிறோம். இரண்டு கூற்றுக்கும் நடுவில் நிற்பவர் தூக்குச்சட்டியோடு நின்ற மூதாட்டி. தமிழக ஆயர்களை 2003 நவம்பரில் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் கூட இருத்தலாகாது எனக் கண்டித்துப் பேசினார். அந்த உரை நம் பங்குப் பேரவை எதிலேனும் ஒருமுறை வாசித்து விவாதிக்கப்பட்டதா?

குருக்கள்தாம் செய்யவேண்டும் என்று பொதுநிலையினர் சொல்வதில் பாதி உண்மையே உண்டு. பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். தலைக்கட்டு வரி வாங்குகிறவரும், சப்பரத்துக்கு யார் தோள் கொடுப்பது, எந்தத் தெருவுக்குள் அது திரும்புவது என்று முடிவு செய்கிறவரும், எந்த நாளின் திருவிழாச் செலவு யாருக்கு என்று பகிர்கிறவரும் நாமே. துணிந்த குரு ஒருவர் வந்தால் ஆயருக்கு மொட்டைக் கடிதம் எழுதுவதும் நாமே. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அவரவர் விருப்பம் என்பார்கள். சரி, விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். கத்தோலிக்க இதழ்களின் மணமக்கள் பகுதியில் ‘ஆர்.சி.’ என்ற இரண்டெழுத்தை ஒட்டிச் சாதிப்பெயர் அச்சாகி வந்ததே, அந்த விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர் யார்? குருக்களா?

ஊர் அமைதி கெடும் என்பதே கடைசி வாதம். அதுவே எப்போதும் வெல்லும் வாதமும். 1872-இல் இரண்டு மண்டபம் கட்டியதும் அமைதிக்காகவே. அந்த அமைதியின் விலையை ஒரு சாரார் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கௌசானல் அடிகளாரும் அதே அமைதியை விரும்பியிருந்தால் வடக்கன்குளத்தில் இன்றும் இருவேறு மண்டபத்தில் இருந்துகொண்டு, அந்த மண்ணில் திருமுழுக்குப் பெற்ற புனிதரை வணங்கியிருப்போம். 2022 மே 15-இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, நெடுங்காலம் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்று மட்டுமே அழைக்கப்பட்டார். நம் நாவு இன்னும் பழகவில்லை. அவர் பெயரைச் சொல்லும்போது பட்டத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

அந்த மூதாட்டி இப்போது இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகளில் ஒருவன் திருப்பூரில் வேலை செய்கிறான். திருவிழாவுக்கு வருவான், திருப்பலி காண்பான், அசனத்துக்கு நிற்பதில்லை. ஊரில் இந்த ஆண்டும் அரிசி பிரிக்க வருவார்கள். கீழத்தெருவில் கொடுக்கப்படும் படி அரிசியும் அதே சாக்கில்தான் விழும். இம்முறை நாம் கொட்டகையின் பின்புறம் போய், நம் தட்டையும் நீட்டி, அந்த வரிசையில் நிற்கப்போகிறோம். நம்மோடு வர மனமுள்ளவர் மேலத்தெருவில் எத்தனை பேர் என்று இன்னும் தெரியவில்லை. இதுவரை இருவர் சரி என்றிருக்கிறார்கள்.